முக்காலி ஆடாது

டிஃபன்ஸ் காரிடார் பற்றிப் பேச ஆரம்பித்தாலே நம்ம ஊர்க்காரர்களுக்கு பீரங்கியும் ட்ரோனும்தான் கண்ணுக்குத் தெரியுது. 2019 ஜனவரி 20-ம் தேதி, அப்போது ராணுவ அமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமன் தொடங்கி வைத்தார். அதுவும் எங்கே? நம்ம திருச்சியில்தான். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சின்னு ஐந்து ஊர். அன்னிலேர்ந்து கல்யாண வீட்டுப் பந்தியில உட்கார்ந்தாலும் யாராவது ஒருத்தர் "இனிமே திருச்சி எங்கேயோ போகப் போகுது தம்பி, ஏவுகணையே இங்கதான் செய்யப் போறாங்க"ன்னு ஆரம்பிச்சிடறார்.

நான் சொல்லப் போறது ஏவுகணை இல்லை. ஒரு கிளாம்ப். ரைபிள் மேல டெலஸ்கோப்பைப் பிடித்து வைக்கிற கிளாம்ப். இங்கிலீஷ்காரன் மவுண்ட்டுங்கிறான். திருச்சிப் பட்டறைகள் ராணுவ வேலைக்குள்ள காலை வைக்கணும்னா இந்த மாதிரி உள்ளங்கையளவு சாமானில் ஆரம்பிக்கணும் என்பது என் கட்சி. இதை நண்பர் ஒருத்தரிடம் சொன்னதும் "ஏன்யா, நாலு ஸ்க்ரூ போட்ட தகடு, அதுக்கு ஒரு பதிவா?"ன்னு சிரிச்சார். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இது. கொஞ்சம் நீளம். ஆணி அதிகம் இருக்கிறவங்க வீட்டுக்குப் போய்ப் படிங்க.

முதல்ல அந்த "நாலு ஸ்க்ரூ" எவ்வளவு பெரிய வில்லன்னு பார்ப்போம். டெலஸ்கோப்பைத் தாங்கிற இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 100 மில்லிமீட்டர் தூரம்னு வச்சுக்கோங்க. அதில் பின்பக்கம் மட்டும் 0.03 மி.மீ. இறங்கிடுச்சு. தலைமுடி சுமாரா 0.07 மி.மீ. தடிமன், ஆக பாதி முடிகூட இல்லை. கையால தடவிப் பார்த்தா தெரியாது. ஆனா பார்க்கிற கோணம் 0.03-ஐ 100-ஆல வகுத்த அளவுக்குத் திரும்பிடும். 100 மீட்டர் தள்ளி அது 3 சென்டிமீட்டர். மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் கோயில்லேர்ந்து ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். உச்சியில ஒரு தொலைநோக்கியை (தொலைநோக்கிங்க, துப்பாக்கி இல்லை!) ஸ்டாண்டுல மாட்டி, கோபுரத்துல ஒரு பொம்மையோட மூக்குக்கு நேரா வச்சீங்கன்னா, அதே பாதி முடி அசைவுக்கு மூக்கை விட்டு 90 செ.மீ. நகர்ந்து பக்கத்து பொம்மைக்குப் போயிருப்பீங்க.

இந்தத் துல்லியத்தைச் செய்ய வேண்டியது லென்ஸ் இல்லை, பேரல் இல்லை. இரண்டுக்கும் நடுவுல இருக்கிற அந்தத் தகடு. விலையைக் கேட்டா டெலஸ்கோப்பைத்தான் சொல்வாங்க, பெருமையைக் கேட்டா பேரலைத்தான் சொல்வாங்க. குறி தப்பினா மட்டும் தகடு ஞாபகம் வரும். எங்க ஆபீஸ்ல டெஸ்டிங் டீமுக்கு இருக்கிற மரியாதை மாதிரின்னு வைங்களேன் :-)

இதோட பூர்வீகம் வேட்டைக்காரர்கள்தான். இந்தியாவில் வேட்டைக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முடிவு கட்டியது, ரொம்ப நல்லது. ஆனா அதுக்கு முன்னாடி நம்ம காடுகளில் அலைந்தவர்கள் பெரும்பாலும் டெலஸ்கோப் இல்லாமலேதான் சுட்டிருக்கிறார்கள். குமாவுன் பக்கம் ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி, சாதாரணத் திறந்த குறிதான். நம்ம பக்கம் சேலம், ஓசூர் காடுகளில் சுற்றிய கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். அந்த மாடலில் ஒரு விசேஷம், காலி தோட்டாவை மேல்பக்கமாத் துப்பும். நேரா மேலே டெலஸ்கோப்பை வச்சா தோட்டா அதில் போய் மோதும். ஆண்டர்சன் ராத்திரி வேட்டைக்கு ரைபிளில் டார்ச் லைட்டைக் கிளாம்ப் போட்டு மாட்டியிருப்பார். டார்ச் வெளிச்சம் அகலமா விழும், கிளாம்ப் ஒரு டிகிரி சாய்ந்தா என்ன, புலியோட மூஞ்சி தெரிஞ்சாப் போதும். ஒரு டிகிரி சாய்ந்த டெலஸ்கோப்போ 100 மீட்டரில் 1 மீட்டர் 75 செ.மீ. தப்பிடும். டார்ச்சுக்கான கிளாம்ப்பையும் டெலஸ்கோப்புக்கான கிளாம்ப்பையும் ஒரே பேர்ல கூப்பிடறதுதான் என் நண்பரோட குழப்பத்துக்கே காரணம்னு நினைக்கிறேன்.

தெரிஞ்சவங்களே இதில் எவ்வளவு சொதப்பியிருக்காங்க பாருங்க. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் .303 லீ-என்ஃபீல்டில் டெலஸ்கோப்பை நடுவில் வைக்காமல் இடது பக்கமா ஒதுக்கி மாட்டினாங்க. மேலிருந்து கிளிப்பால தோட்டா திணிக்க வழி விடணுமாம். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அந்த ரைபிளை இரும்புத் தகட்டில் இருக்கிற சின்ன ஓட்டை வழியா நீட்டினால் குழாய் ஓட்டைக்கு நேராவும், கண்ணாடி தகட்டுக்கு நேராவும் இருக்கும். ஹெஸ்கெத்-பிரிச்சர்ட் என்ற வேட்டைக்காரர்தான் பின்னாடி அவங்களுக்குக் குறிபார்த்துச் சுடும் பள்ளியே நடத்தினார். அவர் இதைப் பற்றிப் புலம்பித் தள்ளியிருக்கார். மவுண்ட் டிசைன் செய்தவர் ரைபிளைப் பார்த்தார், ரைபிளை வைத்துக்கொண்டு படுத்திருக்கிற ஆளைப் பார்க்கலை.

இரண்டாம் உலகப் போரில் இன்னொரு கதை. 'நம்பர் 32' என்ற டெலஸ்கோப்பை அவங்க முதலில் உருவாக்கியது ப்ரென் என்ற இயந்திரத் துப்பாக்கிக்கு. அப்புறம் அதையே எடுத்து நம்பர் 4 ரைபிளுக்கு மாட்டினாங்க. ரைபிளோட இடது பக்கத்தில் இரண்டு திண்டு வச்சு, வார்ப்பில் செய்த ஒரு பிராக்கெட்டை இரண்டு பெரிய திருகால் இறுக்குவது. இந்த வேலையைச் செய்தது ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், ராஜாக்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்த லண்டன் கடை. ஒவ்வொரு பிராக்கெட்டையும் கையால் அரம் போட்டுப் பொருத்தி, ரைபிளோட நம்பரையே அதிலும் அடிச்சிட்டாங்க. இந்த பிராக்கெட் அந்த ரைபிளுக்கு மட்டும்தான், மாத்திப் போட்டா குறி போச்சு. எதுக்கோ செய்த சாமானை எதுக்கோ பொருத்தி ஓட வைக்கிற வேலை. சாஃப்ட்வேர்காரங்களுக்கு இது ரொம்பப் பழக்கமான சோகம்.

சரி, "அட்ஜஸ்ட்" செய்யும் மவுண்ட்டுக்கு வருவோம். எனக்குப் பிடிச்ச இடம் இது.

குறியை மேலே கீழே, இடம் வலம் நகர்த்த இரண்டு வழி உண்டு. டெலஸ்கோப்பை ஆணியடிச்ச மாதிரி பிடிச்சிட்டு உள்ளே இருக்கிற லென்ஸ் குழாயை மட்டும் நகர்த்துவது ஒண்ணு, இன்னிக்கு எல்லா டெலஸ்கோப்பும் அப்படித்தான். இன்னொண்ணு, முழு டெலஸ்கோப்பையும் மவுண்ட்டே திருப்புவது. அமெரிக்காவில் ஜான் உனெர்டல் என்பவரின் டெலஸ்கோப்புகள் இந்த இரண்டாவது வகை. வியட்நாம் போரில் கார்லோஸ் ஹாத்காக் வைத்திருந்தது வின்செஸ்டர் 70, அதுவே ஒரு வேட்டை ரைபிள்தான், அதன் மேல் 8 மடங்கு உனெர்டல். முன் வளையத்தில் குழாய் ஒரு மூட்டு மாதிரி லேசாத் திரும்பும். பின் வளையத்தில் மேலே ஒரு மைக்ரோமீட்டர் திருகு, பக்கவாட்டில் ஒரு மைக்ரோமீட்டர் திருகு. அந்த இரண்டுக்கும் எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான் சாமான்.

முதல் வருஷ ஒர்க்‌ஷாப் லேபில் கையில கொடுப்பாங்களே, அதே மைக்ரோமீட்டர்தாங்க. ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ., சுற்றில் 50 கோடு, கோட்டுக்கு 0.01 மி.மீ. இரண்டு வளையத்துக்கும் இடையே 100 மி.மீ. வச்சா, ஒரு கோடு திருப்பினா 100 மீட்டரில் சரியா 1 சென்டிமீட்டர் நகரும். இன்னிக்கு லட்ச ரூபாய் டெலஸ்கோப்புல ஒரு 'கிளிக்'குன்னு சொல்றாங்களே, பெரும்பாலும் அதே அளவு. உனெர்டல்காரர் அங்குலக் கணக்கில் அடித்தளங்களை 7.2 அங்குல இடைவெளியில் வைக்கச் சொன்னதும் இந்தக் கணக்குதான். திருகில் அரை 'தௌ' (அங்குலத்தில் ஆயிரத்தில் பாதி) நகர்ந்தால் 100 கஜத்தில் கால் அங்குலம். வகுத்துப் பாருங்க, அப்படியே வரும். இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரலை. நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சு, மைக்ரோமீட்டர்னா ரெக்கார்ட் நோட்டில் படம் வரையற சாமான்னே நினைக்க வச்சுட்டாங்களேன்னு.

அந்த ஸ்பிரிங்கை மட்டும் சாதாரணமா நினைச்சுடாதீங்க. எந்தத் திருகிலும் மரைக்கும் மரைக்கும் நடுவில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், பட்டறையில 'பிளே'ன்னு சொல்வாங்க. வலப்பக்கம் அஞ்சு கோடு திருப்பி, மறுபடி இடப்பக்கம் அஞ்சு கோடு திருப்பினா பழைய இடத்துக்கு வரணும். வராது. ஸ்பிரிங் குழாயை எப்பவும் திருகின் ஒரே பக்கத்து மரையோட அழுத்தி வைக்கிறதால வருது. பத்து ரூபாய் ஸ்பிரிங் இல்லேன்னா ஆயிரக்கணக்கில் கொடுத்த திருகு வேஸ்ட்.

ரீகாய்லுக்கு இந்த டிசைனில் கண்டுபிடித்த வழி இன்னும் அழகு. ஒரு குத்துமதிப்புக் கணக்கு போட்டேன். 7.62 ரகத் தோட்டா ஒன்பதரை கிராம், வேகம் நொடிக்கு 840 மீட்டர், ரைபிள் நாலரை கிலோ. தோட்டா குழாயில் இருக்கிற ஒரு மில்லி செகண்ட் சொச்சத்தில் ரைபிள் பின்னாடி வர முடுக்கம், சராசரியே புவியீர்ப்பைப் போல 170 மடங்கு. அரைக் கிலோ டெலஸ்கோப் அந்த நொடியில் 85 கிலோ ஆள் மாதிரி மவுண்ட்டை இழுக்கும். உச்சத்தில் இன்னும் அதிகம். உனெர்டல் மவுண்ட் இதோட சண்டை போடலை. வழுக்கிட்டுப் போடான்னு விட்டுடுச்சு! ரைபிள் பின்னாடி வர, டெலஸ்கோப் வளையங்களுக்குள்ள முன்னாடி நழுவும். சுட்டவர் கையால இழுத்து மறுபடி இடத்துல வச்சுக்குவார்.

இதெல்லாம் ராணுவக் கதை, நமக்கென்னன்னு கேட்பீங்க. ஏர்கன் வச்சிருக்கிற நண்பர்களைக் கேட்டுப் பாருங்க. ஸ்பிரிங் வகை ஏர் ரைபிள் முதலில் பின்னாடி உதைக்கும். பிஸ்டன் போய் முட்டினதும் முன்னாடி இழுக்கும். இரண்டு பக்கமும் குத்து வாங்கி, பெரிய ரைபிளுக்குச் செய்த நல்ல டெலஸ்கோப்கூட இதில் செத்துப் போகும். மவுண்ட்டும் தண்டவாளத்தில் மெல்ல மெல்லப் பின்னாடி ஊர்ந்து வரும். அதுக்காகவே அடியில் ஒரு ஸ்டாப் பின் வைப்பாங்க. குழாயை மடிச்சு லோடு செய்கிற மாடல்களில் குழாய் லேசா முன்பக்கம் தொங்குவது வேற. டெலஸ்கோப்பின் உள் அட்ஜஸ்ட்மென்ட் முழுசும் தீர்ந்தாலும் குறி கீழேயே அடிக்கும். அங்கேதான் சாய்வு மாற்றுகிற மவுண்ட் நிஜமாவே வேணும். (2022 ஜூலையில் மாநிலப் போட்டிக்கு அஜித் திருச்சி ரைபிள் கிளப்புக்கு வந்தப்போ கூட்டத்தில் நசுங்கியவர்களுக்கு ஒரு தகவல்: தல சுட்டது பிஸ்டல். ஒலிம்பிக் பாணி 10 மீட்டர் ஏர் ரைபிளிலும் டெலஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, சின்ன ஓட்டை வழியாத்தான் பார்க்கணும்.)

இப்போ என் கருத்து, கொஞ்சம் காட்டமாவே. அட்ஜஸ்ட்மென்ட் என்பது ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கணும். ஒண்ணு டெலஸ்கோப் உள்ளே, இல்லேன்னா மவுண்ட்டில். இரண்டிலும் வச்சு, "எல்லா வசதியும் இருக்கு சார்"னு விற்கிற சாமானில் குறி நகர்ந்தா எது நகர்ந்ததுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. ஒரே வேரியபிளை இரண்டு இடத்தில் வச்சு இரண்டு பேர் மாத்தற மாதிரி. சாய்வு வேணுமா? ஒரு தடவை கணக்குப் போட்டு நிரந்தரமா சாய்வாவே கடைஞ்சுடு. நீண்ட தூரம் சுடுகிறவர்கள் '20 நிமிட' அடித்தளம் என்று வாங்குவது அதுதான். 130 மி.மீ. நீளத்தில் பின்பக்கம் முக்கால் மி.மீ. உயரம் கூடுதல், திருகே கிடையாது. அட்ஜஸ்ட் பண்ண எதுவும் இல்லாத சாமானை யாராலும் தப்பா அட்ஜஸ்ட் பண்ண முடியாது.

எங்க சித்தப்பா திருவெறும்பூர் பக்கம் பட்டறை வச்சிருக்கார். இரண்டு லேத், ஒரு மில்லிங், கொஞ்ச வருஷம் முன்னாடி கடன் வாங்கிப் போட்ட ஒரு சி.என்.சி. அவரிடம் இந்தப் படத்தையெல்லாம் காட்டினேன். மேலாகப் பார்த்துட்டுக் கேட்டார்.

"இது ஏன்டா நாலு இடத்துல உட்காருது?"

"உறுதிக்கு சித்தப்பா."

"மண்ணாங்கட்டி. நாற்காலி ஆடும். முக்காலி ஆடாது. உங்க ஸ்ரீரங்கத்து வீட்டுத் திண்ணையிலயே போட்டுப் பாரு."

பெரிய வாசகம் அது. கரடுமுரடான கல் தரையில் நாலு கால் நாற்காலி ஒரு காலைத் தூக்கிட்டுத்தான் நிற்கும். முக்காலி எந்தத் தரையிலும் மூணு காலையும் ஊன்றி நிற்கும். சர்வே பண்றவங்க தியோடலைட் மூணு கால் ஸ்டாண்டில், மூணு திருகின் மேல் உட்காருவதும் இதனாலதான். சித்தப்பா ஒன்பதாவதோட நிறுத்தினவர். இதையே எங்க புத்தகத்தில் 'கைனமேட்டிக் டிசைன்'னு ஒரு பாராவில் முடிச்சிருப்பாங்க, பரீட்சைக்கும் வராது.

டெலஸ்கோப் மவுண்ட்டில் இந்த நாற்காலிப் பிரச்னை இப்படி வரும். முன் வளையமும் பின் வளையமும் ஒரே கோட்டில் இல்லைன்னு வைங்க, ஒரு அஞ்சு நூறில் (0.05 மி.மீ.) மாறியிருக்கு. ஸ்க்ரூவை இறுக்கினா வளையம் வளையாது, மெல்லிய அலுமினியக் குழாய்தான் வளையும். உள்ளே லென்ஸ் நகரும் பாதை பிசகும். வாங்கினவர் டெலஸ்கோப் கம்பெனியைத் திட்டுவார். பர்ரிஸ் என்கிற அமெரிக்க கம்பெனி வளையத்துக்குள் பந்து மாதிரி வளைவான பிளாஸ்டிக் துண்டுகளை வச்சு இதைத் தீர்த்தது. வளையம் எப்படி நின்னாலும் துண்டு தானா திரும்பிக் குழாய்க்கு நேராயிடும். துண்டையே ஒரு பக்கம் தடிமனா செய்தால் அதுவே சாய்வு அட்ஜஸ்ட்மென்ட். திருகே இல்லாத அட்ஜஸ்ட்மென்ட்!

வெயில் இன்னொரு எதிரி. ரைபிள் எஃகு, மவுண்ட் அலுமினியம். விடியற்காலையில் இருந்ததைவிட மே மாச மதியம் 30 டிகிரி சூடு ஏறினா, 100 மி.மீ. நீளத்தில் அலுமினியம் எஃகைவிட 0.03 மி.மீ. கூடுதலா நீளும். நீளவாக்கில் நீளுவதால் நேரா குறியை மாத்தாது. ஆனா இரண்டு முனையையும் மல்லுக்கட்டி இறுக்கி வச்சிருந்தா அது எங்கே போகும்? ஒண்ணு வளையும், இல்லைன்னா ஸ்க்ரூவுக்கு அடியில் நழுவும். சாயங்காலம் குளிரும்போது அதே இடத்துக்குத் திரும்பும்னு யார் கியாரன்ட்டி கொடுப்பா? 2022-23ல் நம்ம காவிரிப் பாலத்தை மாசக்கணக்கில் மூடி வச்சு, ஸ்ரீரங்கத்துக்காரங்க எல்லாம் ஓடத்துறைப் பக்கம் சுத்தி விட்டாங்களே, அப்போ செய்த முக்கிய வேலையே இணைப்பு இடைவெளிகளையும் பேரிங்கையும் மாத்தினதுதான். பாலம் வெயிலில் நீளும். நீள இடம் விடணும். ஒரு முனையைப் பிடி, மறுமுனையை நீளவாக்கில் மட்டும் விடு. பாலமா இருந்தாலும் சரி, விரல் நீளத் தகடா இருந்தாலும் சரி.

சித்தப்பா பட்டறை ஒரு காலத்தில் இரண்டு ஷிஃப்ட் ஓடியது. இப்போ ஒன்று, அதுவும் சில வாரம் பாதி. அந்தப் பக்கத்துப் பட்டறைகள் பலதும் பாய்லர் வேலையை நம்பி வளர்ந்தவை. அனல் மின்நிலைய ஆர்டர் குறைய, வேலையும் குறைந்தது. இரண்டு பையன்கள் வேலையை விட்டுப் போயிட்டாங்க. அவங்களில் ஒருத்தன் 0.01 மி.மீ.க்குள் கையால் கடைவான். இப்போ சென்னையில் செல்போன் ஷோரூம் வாசலில் நிற்கிறான்.

இந்தப் பக்கம் துப்பாக்கித் தொழிற்சாலை 1966-லேர்ந்து இருக்கு. ராணுவத்துக்கு எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் எல்லாம் செய்த இடம். ஏ.கே. குடும்பத்தைச் சேர்ந்த 'திருச்சி அசால்ட் ரைபிள்' நம்ம ஊர் பேரையே வச்சுக்கிட்டிருக்கு. அந்தக் குடும்பத்தில் மேல்மூடி என்பது சுத்தம் செய்யக் கழட்டுகிற மெல்லிய தகடு, அதில் டெலஸ்கோப்பை வச்சா ஒவ்வொரு தடவை கழட்டி மாட்டும்போதும் குறி மாறும். அதனால்தான் ரஷ்யர்கள் ஏ.கே.யிலும் டிராகுனோவிலும் இடது பக்கம் ஒரு தண்டவாளம் வச்சு, அங்கிருந்து கொக்கி மாதிரி மேலே கொண்டு வந்தாங்க. மறுபடியும் மவுண்ட்தான் ஹீரோ.

2021 அக்டோபர் 1-ம் தேதி பழைய ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டைப் பிரிச்சு ஏழு கம்பெனி ஆக்கினாங்க. திருச்சி ரைபிள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியில், டெலஸ்கோப் செய்கிற டேராடூன் தொழிற்சாலைகள் இன்னொரு கம்பெனியில். ரைபிள் ஒரு படம், டெலஸ்கோப் ஒரு படம். நடுவில் இருக்கிற மவுண்ட் யாரோட பிள்ளை? சாஃப்ட்வேரில் இரண்டு டீமுக்கு நடுவே இருக்கிற இன்டர்ஃபேஸ் எப்பவும் அநாதைதான். அதுக்கு ஒரே மருந்து, எழுதி வச்ச ஸ்டாண்டர்ட்.

அமெரிக்காவில் ஆரம்பத்தில் வீவர் என்கிற தனியார் கம்பெனியின் தண்டவாளம் இருந்தது. பள்ளத்தின் அகலம் 4.57 மி.மீ., பள்ளங்களுக்கு இடைவெளி மட்டும் அவரவர் இஷ்டம். 1995 பிப்ரவரியில் அவங்க ராணுவம் பிகாடின்னி தண்டவாளத்தை ஸ்டாண்டர்டா வெளியிட்டது. பள்ளம் 5.23 மி.மீ., இடைவெளி 10.01 மி.மீ., எல்லா அளவுக்கும் எல்லை போட்டு யார் வேணும்னாலும் பார்க்கிற மாதிரி. பழைய வீவர் சாமான் பெரும்பாலும் புதுசில் உட்காரும், புது சாமான் பழசில் உட்காராது. பேக்வேர்ட் கம்பேட்டிபிலிட்டி! அந்த ஒரு படம் வெளியே வந்ததும் யார் ரைபிள் செய்தா என்ன, யார் டெலஸ்கோப் செய்தா என்ன, நடுவில் நிற்கிற சின்னப் பட்டறைக்காரன் யாரிடமும் கைகட்டி நிற்காமல் சாமான் செய்யலாம்னு ஆயிடுச்சு. ராணுவம் சின்னப் பட்டறைக்குச் செய்த பெரிய உதவி ஆர்டர் இல்லை, அந்தப் படம்தான். காரிடார் கூட்டங்களில் நிலம், சலுகை, கடன் எல்லாம் பேசுறாங்க. ரைபிளுக்கும் டெலஸ்கோப்புக்கும் நடுவே உள்ள அளவுகளை ஒரு தாளில் போட்டு, பட்டறைக்காரர் கையில் கொடுங்க. மீதியை அவங்க பார்த்துப்பாங்க.

பார்த்துப்பாங்களா? இங்கே எனக்கே கொஞ்சம் உதறல்தான். பாய்லர் வேலை என்பது தகடு வெட்டி வெல்டிங் செய்கிற வேலை. மில்லிமீட்டர்ல பேசுற தொழில். மவுண்ட் அதில் நூறில் ஒரு பங்கில் பேசுற தொழில். வெல்டிங் பட்டறையை ஒரே ராத்திரியில் மாத்திட முடியாது. மெஷின்கூடப் பெரிய பிரச்னை இல்லை, சித்தப்பாவோட சி.என்.சி.யே போதும். அளந்து பார்க்கிற வசதிதான் இல்லை. இரண்டு வளையமும் ஒரே கோட்டில் இருக்கான்னு சொல்ல வெர்னியர் போதாது. ஏ.சி. அறையில் வச்ச அளவிடும் மெஷின் வேணும், அது ஒவ்வொரு பட்டறைக்கும் கட்டுப்படி ஆகாது. துவாக்குடியில் பொதுவா ஒண்ணு, மணிக்கணக்கில் வாடகைக்கு, பாலிடெக்னிக் முடிச்ச இரண்டு பிள்ளைகளை உட்கார வச்சு. பீரங்கிக் கனவைவிட அதுக்குச் செலவு ரொம்பக் கம்மி. அப்புறம் டார்க் ஸ்பேனர். வளையத்து ஸ்க்ரூவுக்கு 2 நியூட்டன் மீட்டர்தான். நம்மாளு கையில் ஆலன் கீ கிடைச்சா "நல்லா டைட்டா வச்சிருக்கேன் சார்"னு குழாயை நசுக்கிடுவான்.

இன்ஜினியரிங் காலேஜ்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஃபைனல் இயர் ப்ராஜக்ட்டுன்னு வருஷா வருஷம் அதே சோலார் கார், அதே ரோபோ. ஒரு மவுண்ட் செய்யச் சொல்லுங்க. நூறு தடவை கழட்டி மாட்டணும், ஒவ்வொரு தடவையும் லேசர் பாயின்டர் 100 மீட்டர் தள்ளி அதே கோலிக்குண்டு அளவு இடத்தில் விழணும். துப்பாக்கி பிடிக்கலையா, கேமரா வச்சுக்கோங்க, சர்வே கருவி வச்சுக்கோங்க, கணக்கு ஒண்ணுதான். வைவாவில் யாரும் கதை விட முடியாது, புள்ளி சுவரில் தெரியும்.

சித்தப்பா இப்போ 7075 அலுமினியம் கிலோ என்ன விலைன்னு கேட்டிருக்கார். சி.என்.சி.யில் மாதிரிக்கு ஒண்ணு கடைஞ்சு பார்க்கணுமாம், மூணு இடத்தில் உட்கார்கிற மாதிரி.

டிஸ்கி: என்கிட்ட துப்பாக்கி கிடையாது. லைசென்ஸும் கிடையாது. பொட்டி தட்டுறவனுக்கு எலிக்குட்டி போதும்.